மூன்று அடிக்கற்கள்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பியதில்லை. சொன்னது ஒரு கல்.

எங்கள் கடற்கரைத் தொகுதியில் அலைத்தடுப்புச் சுவர் கட்டித் தருவதாகச் சொல்லி, மூன்று தேர்தல்களில் மூன்று கட்சிகள் வென்றன. வென்ற ஒவ்வொரு எம்.பி.யும் மணலில் ஓர் அடிக்கல் நட்டார். சுவர் வரவில்லை. அந்தக் கற்களுக்குப் பின்னால் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது.

ஒரு மத்தியானம் கடல் ஏறி வந்தது.

"அண்ணாச்சி, மூணு பேரும் வரிசையாப் படுத்தா என் முட்டை தப்பிச்சிரும்," என்றது குருவி.

"இவன் பக்கத்துலயா?" என்றது மூத்த கல். "என்னை நட்டவரு அறுபதாயிரம் ஓட்டுல ஜெயிச்சவரு."

"ஜெயிச்சவரு அப்புறம் இந்தப் பக்கம் வந்தாரா வே?" என்றது இரண்டாவது கல்.

"உம்ம ஆளு மட்டும்? உம்மை நட்ட அன்னைக்கு வந்ததோட சரி."

அலை குருவியின் காலை நனைத்தது. "பேச நேரமில்ல அண்ணாச்சி."

"படுத்தா எங்க தலைவர் பேரு மண்ணுக்குள்ள போயிருமே," என்றது இரண்டாவது கல்.

அடுத்த அலையில் முட்டைகள் போயின. சாயங்காலத்துக்குள் அந்த இரண்டு கற்களும் போயின.

மிஞ்சிய மூன்றாவது கல்தான் இதைச் சொன்னது. "படுங்கன்னு எவ்வளவோ கெஞ்சினேன், ரெண்டு பேரும் கேக்கல," என்று ஒவ்வொரு முறையும் வருத்தப்படும். அதன் மேல் பெயர் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

மூன்று தேர்தலிலும் ஓட்டுப் போட்டவன் நான். அதனாலேயே கேட்கத் தயங்கினேன். போன வாரம் அதன் எதிரில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன்:

"நீ ஏன் முதல்ல படுக்கல?"