அலெக்சாண்டரின் அடக்கப் பாட்டு

"நிறுத்துங்கய்யா! முதல்ல வாசிக்கிறதை நிறுத்துங்க!"

கோடை விழாப் பந்தலில் முந்நூறு பேர் கைதட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் அலெக்சாண்டரின் குரல் மேடைவரை போகவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி அமலி அவர் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க."

"பாக்கட்டும்டி! எங்கம்மாவைக் குழியில இறக்குறப்போ பாடின பாட்டு இது. இதுக்குப் போயி ஆடுறானுங்க பாரு!"

ஆடத்தான் செய்தார்கள். சீசனுக்கு வந்திருந்த மதுரை காலேஜ் பையன்கள் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அலெக்சாண்டர் கூட்டிவந்த கோயில் பாடகர் குழுவிலேயே இரண்டு பேர் காலால் தாளம் போட்டார்கள். அதை எப்படிப் பொறுப்பது?

மேடையில் வாசித்துக்கொண்டிருந்த ஹரிக்கேன் லேம்ப்ஸ் என்றால் அலெக்சாண்டருக்கு உயிர். பெங்களூரில் பதினைந்து வருஷமாக ராக் வாசிக்கும் குழு. ஏரியில் படகுச் சீட்டு கிழிக்கும் அவரிடம் அவர்களுடைய ரெக்கார்டு ஒன்றே ஒன்று இருந்தது. எழுபத்தொன்றில் ஊருக்குத் திரும்பிப்போன அமெரிக்க டீச்சரம்மா ஒருத்தி, தன் பழைய ரெக்கார்டு பிளேயரோடு சேர்த்துக் கொடுத்தது. அதில் குழுவின் பெயர் மட்டும் தெரியும். பாட்டின் பெயர் இருந்த இடத்தில் யாரோ லைப்ரரிச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். வாய்ப்பாட்டு கிடையாது, கிட்டாரும் டிரம்ஸும்தான். ஆனால் என்ன உருக்கம்!

அந்த மெட்டுக்கு அலெக்சாண்டரே தமிழில் வரி எழுதினார். 'உறங்கு, உறங்கு, கர்த்தர் வரும்வரை உறங்கு' என்று அவருடைய மாதாகோயில் பங்கில் எட்டு வருஷமாக அதைப் பாடாமல் ஓர் அடக்கம் நடந்ததில்லை. உயிரோடு இருக்கும்போதே, "எனக்கு அலெக்சாண்டர் பாட்டுத்தான் பாடணும்" என்று சொல்லிவைத்தவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட பாட்டை, போட்டவர்களே வந்து இப்படிக் கொத்துப் பரோட்டா போட்டால்?

கச்சேரி முடிந்ததும் விறுவிறுவென்று மேடைக்குப் பின்னால் போனார். நரைத்த முடியைப் பின்னால் கட்டியிருந்த ஒருவர் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான டேனி?"

"டேனியெல்லாம் போஸ்டருக்குத்தாங்க. நம்ம பழனிதான் சொந்த ஊரு, பேரு தண்டாயுதபாணி. கச்சேரி எப்படி இருந்துச்சு?"

கேட்டிருக்க வேண்டாம்.

"எட்டு வருசமா உங்களை ஒருதடவ நேர்ல பாக்கணும்னு தவங்கெடந்தேன் சார். கடைசியா ஒண்ணு வாசிச்சீங்களே, அதை ஏன் அந்த ஓட்டம் ஓட்டுறீங்க? பஸ்சு போயிரும்னு பயமா? அந்தப் பாட்டோட அருமை உங்களுக்கே தெரியலையே!"

டேனி திகைத்துப் போனார். "அதை நாங்க எப்பவும் இப்படித்தாங்க வாசிப்போம்."

"எங்காதுலயே பூ சுத்துறீங்களா? ரெக்கார்டுல ஒரு மாதிரி, மேடையில ஒரு மாதிரியா? நாலு பயலுக விசிலடிக்கணும்னு இப்படிப் பண்ணலாமா? நாளைக்குக் காலைல எங்க கோயில் உபதேசியார் இறந்து முப்பதாம் நாள். கல்லறையில நின்னு இதைத்தான் பாடணும். எங்க குழுப் பிள்ளைக இப்பவே, 'பாடுனா சிரிப்பு வந்துரும் மாமா'ன்னு சொல்லுதுக. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வீட்டம்மா முன்னால போயி நிப்பேன்?"

"விடுங்க, அவருக்கு ஆயிரம் சோலி இருக்கும்," என்றாள் அமலி.

"என்ன சோலி? வாங்க சார், வீடு இந்தா பக்கத்துலதான் கெடக்கு. உங்க ரெக்கார்டை உங்களுக்கே போட்டுக் காட்டுறேன்."

டேனி என்ன நினைத்தாரோ, கிட்டாரை உறையில் போட்டுவிட்டுக் கூடவே நடந்தார். பாடகர் குழுவும் பின்னாலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

ரெக்கார்டு சுழன்றது. கிட்டார் மெல்ல மெல்ல, கனத்த குரலில் அழுதது. டிரம்ஸ் ஒவ்வொரு அடியும் சவப்பெட்டிமேல் மண் விழுவதுபோல விழுந்தது. சிரிப்பு வரும் என்று சொன்ன பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அலெக்சாண்டருக்குக் கோபமெல்லாம் போய்க் கண்ணில் நீர் முட்டியது. டேனி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பச் சொல்லுங்க சார். எது நல்லாருக்கு?" என்றார் அலெக்சாண்டர் மிடுக்காக.

"இதுதாங்க. சத்தியமா இதுதான். ஆனா இப்படி நாங்க வாசிச்சதே இல்லையே!"

"உங்க தட்டுத்தான சார் சுத்துது! மறுபடியும் பூ சுத்தாதீங்க!"

டேனி எழுந்துபோய் பிளேயர் பக்கத்தில் குனிந்தார். துருப்பிடித்துக் கிடந்த ஒரு சின்ன விசையைக் கட்டைவிரலால் நெம்பித் தள்ளிவிட்டு, முள்ளை மறுபடி முதலிலிருந்து வைத்தார். பந்தலில் கேட்ட அதே ஓட்டம், அதே துள்ளல், அறை முழுக்கக் குதித்தது.

அலெக்சாண்டர் அமலியைப் பார்த்தார். டேனி அவர் தோளில் மெதுவாகக் கை வைத்தார்.

"அண்ணே, இந்தத் தட்டு நிமிசத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து சுத்தணும். உங்க மிஷினு முப்பத்துமூணுதான் சுத்தியிருக்கு. எங்க டிரம்மர் கல்யாணத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் ஆடட்டும்னு போட்ட பாட்டை வெச்சுத்தான் எட்டு வருசமா நீங்க ஊரையே அடக்கம் பண்ணியிருக்கீங்க!"