முந்திக்கொண்ட நன்றிப்பெட்டி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்கு அரைகுறைதான்.

ஒரு தையல் வகுப்பின் இணையப் பக்கத்தில் நன்றிப்பெட்டி ஒருத்தி இருந்தாள். "நன்றி, உங்கள் பெயர் பதிவாகிவிட்டது" என்று அவள் முகத்தில் எழுதியிருக்கும். யாராவது பெயர் கொடுத்துப் பொத்தானை அழுத்திய பிறகுதான் அவள் வெளியே வரவேண்டும். அதுவரை அவளை மறைத்து வைப்பது, பக்கத்தை இயக்கும் கட்டளைக்காரனான ஸ்கிரிப்ட்டின் வேலை. ஆனால் பக்கம் திறக்கும்போது அவன் கடைசியாகத்தான் வந்து சேருவான். அதற்குள் ஒரு நொடி அவள் எல்லார் கண்ணிலும் பட்டுவிடுவாள். அந்த நொடிக்காகவே ஏங்கிக் கிடந்தாள்.

"என்னக்கா, இன்னிக்கும் தலையைக் காட்டியாச்சா?" என்று பொத்தான் கிண்டல் செய்யும்.

"ஒரு நொடிதானேடி, யாருக்கு என்ன நஷ்டம்?"

அந்த வகுப்பில் சேர வெகுநாளாக ஆசைப்பட்ட பூங்கோதை ஒருநாள் பக்கத்தைத் திறந்தாள். பெட்டி மின்னி மறைந்தாள். "அட, பதிவாயிடுச்சு!" என்று பூங்கோதை பெயரே கொடுக்காமல் போனை மூடிவிட்டாள். மறுநாள் வந்து பார்த்தால் இடமெல்லாம் நிரம்பியிருந்தது.

"நன்றின்னு நீதானே சொன்னே?" என்று திரையைப் பார்த்து அழுதாள்.

மறைவில் இருந்த பெட்டிக்கு உடம்பே கூசியது. நிறமும் இடமும் பிரித்துக் கொடுக்கும் அலங்காரக்காரிதான் பக்கத்துக்கு முதலில் வருபவள். பெட்டி அவளிடம் போனாள்.

"வந்ததும் முதல் வேலையா என்னை மூடிடுங்க. பொத்தானை அழுத்தினா மட்டும் ஸ்கிரிப்ட் திறக்கட்டும்."

"அந்த ஒரு நொடியும் போயிடுமே?"

அலங்காரக்காரி நீட்டிய போர்வையைப் பெட்டி தானே தலை வரை இழுத்து மூடிக்கொண்டு, பொத்தான் அழுந்தும் சத்தத்துக்குக் காது கொடுத்துப் படுத்தாள்.