முதல் நாள் கேள்விகள்

"கரண்டு வைப்பீங்களா மேடம்?"

உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவன் கேட்ட முதல் கேள்வி இது. ஷெர்லினுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கம்பெனிகள் சூழ்ந்த ஒரகடத்தில் மெடிக்கல் கடைக்கு மேல்மாடியில் 'மனநல ஆலோசனை' என்று போர்டு மாட்டியதிலிருந்து, வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள்.

"கரண்டு, ஊசி எதுவும் இங்க கிடையாது. நான் டாக்டர் இல்ல, சைக்காலஜிஸ்ட். மாத்திரை தேவைப்பட்டா அதுக்கான டாக்டர்கிட்ட அனுப்புவேன். இங்க பேச்சு மட்டும்தான். வாரத்துக்கு ஒருநாள், முக்கால் மணி நேரம். உங்க பேர் என்ன?"

அவன் சற்றுத் தயங்கினான். "உச்சிமாகாளி."

கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தான். கழுத்தில் தொங்க வேண்டிய அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்திருந்தான். பேச்சில் திருநெல்வேலி வாடை. நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தவன் அடுத்த கேள்விக்குத் தாவினான்.

"இங்க சொல்லுதது கம்பெனிக்குப் போவுமா? காண்ட்ராக்ட் ஆளு மேடம். கிறுக்குன்னு தெரிஞ்சா மறுநாளே கேட்டுக்குள்ள விடமாட்டான்."

"போகாது. கம்பெனிக்கும் சொல்ல மாட்டேன், வீட்டுக்கும் சொல்ல மாட்டேன். உங்க உயிருக்கோ, இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் உங்களுக்கு நெருக்கமானவங்களுக்குச் சொல்லுவேன். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

"ஏசுவீங்களா?"

"எதுக்குத் திட்டணும்?"

"தப்பு பண்ணியிருந்தா?"

"அப்பவும் திட்ட மாட்டேன்."

"நடுவுல அழுகை வந்துட்டா? பேச்சே வரலைன்னா?"

"அழலாம். பேசாம சும்மா உக்காந்திருக்கலாம். பிடிக்கலைன்னா எழுந்து போயிடலாம்."

ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டிக்கொண்டான். பெண் பார்க்க வந்த இடத்தில்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள் என்று ஷெர்லினுக்குத் தோன்றியது.

"சரி, இப்ப நீங்க சொல்லுங்க. என்ன பண்ணுது உங்களுக்கு?"

"தூக்கம் இல்ல. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுத்தா கண்ணு தொறந்தே கிடக்கு. தட்டுல போட்ட சோறு அப்படியே காயுது. யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கதில்ல."

"எப்போலேருந்து?"

"பொங்கல் கழிஞ்சதுலேர்ந்து. எங்க பிரஸ் மிஷின்ல ரெண்டு பேரு நிக்கணும். எதிர்ல நின்ன பையன் தகடைச் சரியா வைக்கதுக்குள்ள பட்டனை அமுக்கியாச்சு." அவன் குனிந்துகொண்டான். "அவனுக்கு விரலு போயிட்டு மேடம். அமுக்குனது... நான்தான்."

ஷெர்லின் மெதுவாகக் கேட்டாள். "அதை நினைக்கும்போது உள்ளுக்குள்ள எப்படி இருக்கு?"

அவன் திருதிருவென்று விழித்தான். "உள்ளுக்குள்ளயா? அது... தெரியலையே."

அத்தனையும் மளமளவென்று சொன்னவன் இதற்கு மட்டும் திணறினான். முதல் நாள் பலருக்கும் அப்படித்தான் என்று அவள் வற்புறுத்தவில்லை.

"இன்னும் ஏதாவது சொல்லணுமா?"

அவன் குரல் இறங்கியது. "லீவு நாள்ல சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போயி நிக்கேன். டிக்கெட்டு எடுக்கதில்ல. வார ரயில் எதுலயும் ஏறதில்ல. பிளாட்பாரத்து ஓரத்துலயே நிக்கேன்."

ஷெர்லின் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். இதைச் சுற்றி வளைத்துக் கேட்கக் கூடாது.

"சாகணும்னு தோணுதா?"

"அப்படித்தான் நெனைக்கேன் மேடம்."

"உச்சிமாகாளி, நீங்க இதைச் சொன்னது ரொம்ப நல்லது. ஆனா இன்னிக்கு உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன். உங்களுக்கு நெருக்கமான ஆள் யாரு?"

அவன் சட்டென்று எழுந்துவிட்டான். "ரகசியம்னு சொன்னீங்கல்லா?"

"உயிருன்னு வந்தா சொல்லுவேன்னும் சொன்னேன். கோவம் வந்தா என்னைத் திட்டிக்கோங்க. போன் பண்ணாம மட்டும் விட மாட்டேன்."

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். இப்போது படியிறங்கிப் போய்விட்டால், ஷிஃப்ட் விடுகிற இந்த நேரத்தில், ஒரே மாதிரிச் சட்டை போட்ட அத்தனை பேர் நடுவில் இவனை எங்கே போய்த் தேடுவது? அவளும் எழுந்து நின்றாள்.

"ஒரே ஒரு பேர் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "நெசமாவே கூப்பிடுவீங்களா? எங்களை மாதிரி ஆளுக்கா?"

"இப்பவே கூப்பிடுறேன்."

"பேச்சிராஜ்னு ஒருத்தன். ஒரே ஊரு, ஒரே ரூமு." நம்பரையும் சொன்னான்.

ஷெர்லின் எண்களை அழுத்தினாள். கடவுளே, அந்த ஆள் எடுக்க வேண்டும், பக்கத்தில் எங்காவது இருக்க வேண்டும். மணி அடித்தது. அடித்தது அந்த அறைக்குள்ளேயே, அவனுடைய பேன்ட் பாக்கெட்டில்.

"நாந்தான் மேடம் பேச்சிராஜ்," என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "புதுக் கம்பெனின்னா எங்கள்ல ஒருத்தன் முன்னால போயிப் பாத்துட்டு, நல்ல இடம்னு தெரிஞ்சாத்தான் மத்தவனைக் கூப்பிடுவோம். இங்கயும் அப்படித்தான், நான் சொன்னதெல்லாம் உச்சிமாகாளிக்கு நடந்தது. அவன் கீழ டீக்கடைல ரூம் பயலுவ கூட உக்காந்திருக்கான், கூட்டிட்டு வரட்டா?"