டார்ச் பிடித்தவள்

படகின் படிக்கட்டுக்குக் கீழே, இன்ஜின் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டிருந்தாள் அவள். கணவர் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷமும் டார்ச் பிடித்தது அவள்தான். போன வாரம் மனிதர் மேல்தளத்தில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. கைக்குத்தான் கட்டு, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

மகள் வீடு எதிர்க்கரையில். பாய் விரித்தே போய்விடலாம்தான், ஆனால் துறைமுகத்தை விட்டு வெளியேற இன்ஜின் வேண்டும். சுக்கான் பிடிக்கப் பக்கத்துப் படகுக்காரரை வரச் சொல்லியிருந்தார் கணவர்.

அவளிடம் கேட்கவில்லை. போன கோடையில் அவள் ஓட்டும்போது இன்ஜின் கொதித்து நடுவழியில் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய நாள்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்புக்குத் தன் கையாலேயே புது ரப்பர் சக்கரம் மாட்டியிருந்தார் அவர். “இவ முறுக்கின முறுக்கு அப்படி” என்று துறைமுகம் முழுக்கச் சொல்லி வைத்தார். அதிலிருந்து சுக்கான் அவள் கைக்கு வரவே இல்லை. அந்த ஆற்றாமை இன்னும் ஆறவில்லை.

இப்போது அதே பம்பு மறுபடி மக்கர்.

கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடினாள். திறக்க மறந்து இன்ஜினைக் கிளப்பிவிடக்கூடாதென்று, சாவியை வால்வின் கைப்பிடியிலேயே மாட்டினாள். பம்பின் மூடியைக் கழற்றி ரப்பர் சக்கரத்தை உருவினாள்.

ஆறு இதழ்களில் மூன்றைக் காணோம்.

“அதெல்லாம் தண்ணியோட போயிருக்கும். புதுச மாட்டி மூடு.”

அவள் மூடவில்லை. பம்பிலிருந்து போகும் குழாய் முழங்கை மாதிரி வளையும் இடத்தைக் கழற்றி, நீள மூக்குக் குறடை உள்ளே விட்டாள்.

ஒரு துண்டு வந்தது. இன்னொன்று. மூன்றாவதும் வந்தது.

கணவர் எழப் பார்த்தார். அவள் குறடை மறுபடி உள்ளே விட்டாள்.

நான்காவது வந்தது. ஐந்தாவதும்.

இந்த இரண்டும் கல்லாக இறுகி, உப்புப் பூத்துக் கிடந்தன. போன கோடையில் புதுசு மாட்டியபோது அவர் எடுக்காமல் விட்ட பழைய ரப்பர்.

ஐந்தையும் அவருடைய மாவுக்கட்டின் மேல் வரிசையாக வைத்தாள். அவர் டார்ச்சை அவற்றின் மேல் திருப்பினார்.

புது ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே தள்ளினாள். எல்லாவற்றையும் பூட்டி, வால்வைத் திறந்து, சாவியை எடுத்து இன்ஜினைக் கிளப்பினாள். படகின் பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. கை நிறைய கிரீஸோடு நின்று அதைப் பார்த்தாள். தன்னை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

பையும் தொப்பியுமாக வந்து நின்றார் பக்கத்துப் படகுக்காரர். “என்னம்மா, சரியாச்சா?”

“ஆச்சுங்க. போன வருஷத்துதும் சேர்த்துச் சரியாச்சு.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. படகில் ஏறக் காலைத் தூக்கினார்.

கணவர் தொண்டையைச் செருமினார்.

“நீங்க ஏற வேணாம். அந்தக் கயித்த மட்டும் அவுத்து விடுங்க.”