புரூஃப் சாரின் இடது கண்

காலை பதினொன்றே காலுக்குப் புரூஃப் சார் மறுபடியும் கண்ணடித்தார். இடது கண்.

பைண்டிங் அக்காவின் ஊசி தாளில் ஏறாமல் விரலில் ஏறியது. வலிக்கவே இல்லை. ஐம்பத்தோரு வயதில் ஊசி குத்தியும் ஒருத்தி சிரிக்கிறாள் என்றால் விஷயம் கொஞ்சம் முற்றித்தான் போயிருந்தது.

மூன்று வாரமாக இதே கூத்து. அச்சகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் பிழை திருத்துவார். இந்தப் பக்கம் அவள் அச்சான தாள்களை மடித்துப் புத்தகமாகத் தைப்பாள். அவர் மனைவி போய் ஆறு வருடம், அவள் கணவன் போய் ஒன்பது வருடம். "டீ வந்துச்சா?" என்பதைத் தாண்டி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் திடீரென்று ஒருநாள் நிமிர்ந்து பார்த்துக் கண்ணடித்தால்? முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அது மறுநாள் வரைகூடத் தாங்கவில்லை, சிரித்துவிட்டாள்.

அதிலிருந்து அவரைப் பற்றிய எல்லாமே கண்ணில் பட்டது. தேய்த்த சட்டை, காதோர நரை, கழுத்துக் கயிற்றில் ஆடும் மூக்குக்கண்ணாடி, டீயை ஊதி ஊதிக் குடிக்கும் அழகு. ஊதிக் குடிப்பதில் என்ன அழகு என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை.

இன்று முடிவே கட்டிவிட்டாள். ஒன்பது வருடமாகத் தனியாகத் திறந்த டிபன் பாக்ஸை இன்று மதியம் அவர் மேஜையில் போய்த் திறப்பது. அதற்காகவே புதுக் கம்மல், கொஞ்சம் சென்ட்.

"என்னக்கா, தானா சிரிச்சுக்கிறீங்க?" மை படிந்த கையோடு மெஷின்காரர் வந்து நின்றார்.

"ஒண்ணுமில்ல... உங்க புரூஃப் சார் ஏன் இப்படிக் கண்ணடிக்கிறாரு?" வாய் முந்திக்கொண்டது.

மெஷின்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கண்ணடிக்கிறாரா! அய்யோ அக்கா, அவருக்கு வெள்ளெழுத்து. ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு போனாரு. ஒரு கண்ணு கிட்டக்க படிக்க, ஒரு கண்ணு தூரத்துல பார்க்க. அப்படி மாத்திட்டா மூக்குக்கண்ணாடியே வேண்டாமாம். அது பழகுதான்னு பார்க்க, முதல்ல இடது கண்ணுல மட்டும் ஒரு காண்டாக்ட் லென்ஸ் போட்டு அனுப்பிட்டாங்க. எல்லாம் கலங்கலாத் தெரியுதுன்னு, இடது கண்ண மூடிக்கிட்டு அந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறாரு, பாவம்!"

அவள் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு நேர் மேலே கடிகாரம்.

மானம் கப்பலேறியது. கடிகாரத்துக்கு அடித்த கண்ணுக்கா இத்தனை சிரிப்பு? கம்மலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். சென்ட்டை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அந்த வேகத்தில் கை தறிகெட்டு ஓடியது. பதினாறு பக்கம் சேர்ந்த மடிப்புக்குப் பாரம் என்று பெயர். மூன்றாம் பாரத்தை அடுத்துப் பன்னிரண்டாம் பாரத்தை வைத்துத் தைத்து, மாதிரிப் பிரதியை அப்படியே புரூஃப் சாருக்கு அனுப்பிவிட்டாள்.

பத்தே நிமிடத்தில் அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, புத்தகமும் கையுமாக எதிரில் நின்றார்.

"என்னங்க இது? துப்பறியும் கதைங்க. நாப்பத்தெட்டாம் பக்கத்துல பிணம் விழுது. அடுத்த பக்கத்துலயே கொலைகாரன் அழுதுக்கிட்டு ஒத்துக்கிறான். போலீஸுக்கு வேலையே இல்லாமப் போச்சு."

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது புத்தகத்தை அவர் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

"பிரிச்சுத் தைச்சுத் தரேன் சார்." குனிந்த தலை நிமிரவில்லை. "நீங்களும் இனிமே கண்ணைப் போட்டுச் சிரமப்படுத்திக்காதீங்க. அந்தக் கடிகாரத்தை உங்க பக்கமே மாட்டச் சொல்றேன். அந்த லென்ஸ் பழகுற வரைக்குமாவது..."

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

புரூஃப் சார் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"அது எனக்கு ஒத்துக்கலைங்க. ஆபரேஷனும் வேண்டாம்னுட்டேன்," என்றார், தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி. "லென்ஸைக் கழட்டிப் பதினஞ்சு நாளாச்சு."