ஆணி பொறுக்கும் காந்தம்

படகு தீப்பிடித்ததில் அடையாளம் தெரியாமல் கருகிய உடலை, லமாயின் மகன் வீரத் என்று முடிவுகட்டி நேற்று விகாரைச் சுடலையில் எரித்துவிட்டார்கள்.

காலையில் எலும்பு பொறுக்க வந்தாள் லமாய். சவப்பெட்டி ஆணிகளை எடுக்கச் சுடலைக்காரர் பிரயூன் சாம்பலில் காந்தத்தை ஓட்டினார்.

"வேற எதுவும் ஒட்டலையாண்ணே?"

"ஆணி மட்டுந்தான்."

லமாய் துள்ளி எழுந்தாள். "எம்மவன் கால் முறிஞ்சப்ப உள்ள ஸ்டீல் பிளேட்டு வச்சாங்க. இது அவன்னா அது ஒட்டியிருக்கும்ல? பய எங்கயோ கரையேறிட்டான். வரட்டும், முதுகுத் தோல உரிக்கிறேன்!"

பிரயூன் கையால் சாம்பலைத் துழாவினார். ஆறு துளையுள்ள தகடு ஒன்றை எடுத்துத் துடைத்துச் சாம்பல்மேல் வைத்தார்.

"உடம்புக்குள்ள வைக்கிற ஸ்டீலு காந்தத்துல ஒட்டாது, தங்கச்சி."

லமாய் காந்தத்தைப் பிடுங்கித் தகட்டில் வைத்து வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் தகடு சாம்பலிலேயே கிடந்தது.