பல்லியின் இருபது நாள் சோதனை

"இந்த இன்டர்வியூவும் ஊத்திக்கும்" என்று செண்பகவல்லி முணுமுணுத்தபோது, டியூப்லைட் பக்கத்திலிருந்த பல்லி 'ச்சு ச்சு' என்று கத்திவிட்டது. அவள் முகம் வாடியது. "பல்லியே சொல்லிருச்சு" என்று விரலால் சுவரைத் தட்டினாள். சொன்னபடியே வேலை கிடைக்கவில்லை.

"நான் கத்தினதாலதான் கிடைக்காம போச்சா?" என்று பல்லி, சுவர் மூலையில் வலை கட்டியிருந்த சிலந்தியிடம் கேட்டது. இரண்டு நாளாக அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சோதிச்சுப் பார்த்துடுவோம். 'இன்னைக்கும் கரண்ட் போகும்'னு அவ தினமும் புலம்புறால்ல? பத்து நாள் அதுக்குக் கத்து. அடுத்த பத்து நாள் வாயைத் திறக்காதே. கரண்ட் போற நாளெல்லாம் நான் வலையில ஒரு முடிச்சுப் போடுறேன்."

கத்திய பத்து நாளில் ஆறு நாள் கரண்ட் போனது. கத்தாத பத்து நாளிலும் ஆறு நாள் போனது. வாயை அடக்குவதுதான் பல்லிக்குப் பெரும்பாடாக இருந்தது.

சிலந்தி முடிச்சுகளை இரண்டு முறை எண்ணிவிட்டுச் சொன்னது: "நீ கத்துறதுக்கும் நடக்குறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

நிம்மதியில் பல்லியின் வாயிலிருந்து தானாக வந்தது, 'ச்சு ச்சு'.

சிலந்தி சட்டென்று ஒரு காலால் சுவரைத் தட்டியது.

"பார்த்தியா, பல்லியே சொல்லிருச்சு!"